பொறுப்பு மேலிருந்து தொடங்கட்டும்

குமுளி மலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களில் பலர் தமிழகத்தில் பிறந்து, மணமுடித்து வந்தவர்கள். 2025 நவம்பர் 4 அன்று கேரளத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், 2002 பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டுமாறு கேட்டது. பெற்றோர் பெயரோ மலைக்குக் கீழே, வேறொரு மாநிலத்தின் பட்டியலில் கிடக்கிறது.

பீகார் வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அப்பெயர்களையும் காரணங்களையும் வெளியிடச் செய்வதற்கே உச்சநீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று.

தவறான நீக்கத்துக்கு யார் பொறுப்பு? 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, பட்டியல் பணியில் கடமை தவறும் அலுவலருக்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால், தேர்தல் ஆணையம் அல்லது மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் அதிகாரத்தோடு புகார் வந்தாலன்றி நீதிமன்றம் அதனை ஏற்க இயலாது. நொய்டாவில் இப்பிரிவு பாய்ந்தது, வேலைப்பளுவில் நசுங்கிய வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் மீதே. ஆணையர்களுக்கோ, அலுவல்முறைச் செயல்களுக்காக வழக்கே தொடர முடியாத காப்பினை 2023ஆம் ஆண்டுச் சட்டம் அளித்துள்ளது.

கடைநிலை ஊழியரைப் பலியிடுவது பொறுப்பேற்பு ஆகாது. அந்தக் காப்பு நீங்க வேண்டும். பெயரிழந்த வாக்காளரே வழக்குத் தொடுக்கும் உரிமை வேண்டும். அதுவரை, லயம் லயமாகச் சென்று, நீக்கப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் எழுத்துமூலம் காரணம் கேட்பது நம் கடமை.