மாட்டுக்கும் ஒரு ஜாடி ஊறுகாய்

கோடை வந்தால் பால்காரர் அளவைக் குறைக்கிறார். நாம் முகத்தைச் சுளிக்கிறோம். அவர் வீட்டு மாட்டுக்குப் பச்சை கிடைத்ததா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

கண்ணமங்கலத்தில் என் அத்தை இருக்கிறார். பட்டுத் தறி வீடு. தறிக்கூலி கைக்கு வரும் வரையில் வீட்டை ஓட்டுவது கொல்லையில் நிற்கும் ஒற்றைக் கறவை மாடுதான். முந்தின வருஷக் கோடையில் பால் பாதியாகிவிட்டது. வைக்கோல் வாங்கிக் கட்டவில்லை. "வித்துடலாம்" என்றார் மாமா. "ஒரு வருஷம் பொறுங்க" என்றார் அத்தை.

தை மாதம் கரும்பு வெட்டியபோது, வயலில் கழித்துப் போட்ட பச்சைக் கொழுந்தாடையைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்தார். ஓர் அங்குல நீளத்துக்கு நறுக்கி, பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டு மூடினார். ஒன்றரை மாதம் கழித்துத் திறந்தால், ஒரே பூசணம்! அத்தனையும் எருக்குழிக்குப் போயிற்று. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அத்தைக்கு அதிகமாக வலித்தது.

குற்றம் எங்கே? உள்ளே காற்று தங்கிவிட்டது. கால்நடை மருத்துவர் விளக்கினாராம்: காற்று இல்லாவிட்டால், தயிரைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களின் இனமே பசுந்தழையில் உள்ள சர்க்கரையைப் புளிப்பாக்கும். அந்தப் புளிப்புத்தான் அழுகாமல் காக்கும்.

"அட, ஊறுகா பக்குவந்தானே!" என்றார் அத்தை.

அப்புறம் கதிர் ஒடித்த பச்சை மக்காச்சோளத் தட்டை கிடைத்தது. நறுக்கியதைக் கைப்பிடியில் இறுக்கிப் பார்த்தார். தண்ணீர் சொட்டக் கூடாது. கையை விரித்தால் உருண்டை மெல்லப் பிரிய வேண்டும். 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லத்தைக் கரைத்துத் தெளித்து, கொஞ்சம் உப்பும் தூவி, அடுக்கடுக்காக மிதித்துத் திணித்தார். மூடியைச் சுற்றிக் காற்றுப் புகாமல் கட்டினார். காய்ந்த வைக்கோலுக்கு இந்தப் பக்குவம் பலிக்காது. ஈரமும் சர்க்கரையும் உள்ள பச்சைதான் வேண்டும்.

இதை அற்ப விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். பனி நாடான பின்லாந்தில், பசுந்தீவனத்தில் அமிலம் சேர்த்துக் கெடாமல் காக்க வழி கண்ட விர்தானென் என்ற விஞ்ஞானிக்கு 1945-ல் ரசாயன நோபல் பரிசே கிடைத்தது!

45 நாள் கழித்து மூடியைத் திறந்தபோது, பழப் புளிப்பு வாசனை வந்ததாம். மாடு முதல் நாள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சிறிது சிறிதாகப் பழக்கினார். கறந்த பிறகே வைப்பார். முன்னால் வைத்தால் பாலில் வாடை ஏறிவிடும். நாளைக்குப் 10 கிலோ, கூடவே வைக்கோல். 100 கிலோ பத்து நாளில் தீர்ந்துவிடும் என்பதால், கோடை முழுதுக்கும் பல பீப்பாய்கள் வேண்டும்.

போன கோடையில் பால் பெருகிவிடவில்லை; ஆனால் பாதியாகவும் குறையவில்லை. மாடு கொல்லையிலேயே நிற்கிறது. இந்தத் தையில், கட்டுச் சுமக்க மாமாவும் வயலுக்குப் போனாராம்.