ஆர்கானிக் கடையின் பின்பக்க ரேக்

ஓரளவு பெரிய ஊர் எதை எடுத்துக்கொண்டாலும் இன்றைக்கு அங்கே ஒரு ஆர்கானிக் கடை இருக்கிறது. பச்சை நிற போர்டு, வாசலில் ஒரு மண்பானை, உள்ளே நுழைந்தால் கருப்பட்டியும் சுக்கும் கலந்த ஒரு வாசனை. "பாரம்பரியம்" என்ற சொல் குறைந்தது நான்கு இடத்திலாவது எழுதியிருக்கும். (ஒரு மாட்டு வண்டிப் படம் கட்டாயம் உண்டு.)

இந்தக் கடைக்குப் புதிதாக வருபவர்களில் இரண்டு வகை அதிகம். ஒன்று, கல்யாணத்துக்கு முன்னாலோ ஜிம்மில் சேர்ந்த உற்சாகத்திலோ எடையைக் குறைக்க நினைப்பவர்கள். இன்னொன்று, லேப் ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு நேராக வருபவர்கள். இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: "வாய்க்கு ருசியா இருக்கணும், உடம்பும் ஏறக்கூடாது. அந்த மாதிரி என்ன இருக்கு?"

கடைக்காரரின் கை உடனே முன்பக்க ரேக்குக்குப் போகும். தினை லட்டு, கம்பு மிக்சர், ராகி குக்கீஸ், வரகு முறுக்கு, நாட்டுச் சர்க்கரை போட்ட எள்ளுருண்டை. எல்லாம் ருசிதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் கேட்ட கேள்விக்கு இவை எதுவும் பதில் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி. இந்தக் கணக்கு ஆர்கானிக் கடைக்கும் ஒன்றுதான், அண்ணாச்சி கடைக்கும் ஒன்றுதான். மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் என்பதற்காக அதற்கு யாரும் கலோரியில் தள்ளுபடி தருவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எந்த எண்ணெயாக இருந்தாலும் சுமார் 120 கலோரி. வெள்ளைச் சர்க்கரை 100 கிராமுக்கு 400 கலோரிக்கு அருகில் இருந்தால், வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் 380 பக்கத்தில் நிற்கின்றன. அரிசி 100 கிராமுக்கு ஏறக்குறைய 350. தினை, சாமை, வரகு, கேழ்வரகு எல்லாம் பெரும்பாலும் 300க்கும் 350க்கும் நடுவில். அதாவது சிறுதானியம் அரிசிக்குத் தம்பி முறைதான், தூரத்து உறவு இல்லை.

சிறுதானியத்தைக் குறை சொல்வது நோக்கமில்லை. தீட்டாத சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததற்கும் (இந்தியா முன்மொழிந்தது அது) காரணம் இருக்கிறது. வறட்சியைத் தாங்கும், குறைந்த தண்ணீரில் விளையும். ஆனால் அந்தப் புகழ் எல்லாம் வயலில் விளைந்த தினைக்குச் சேர வேண்டியது. அதை மாவாக்கி, வெண்ணெயும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து குக்கீஸாகச் சுட்ட பிறகு அது குக்கீஸ்தான். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 100 கிராமுக்கு 450க்கு மேல் போட்டிருக்கும்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பது நம் ஊரில் எத்தனை பேருக்குப் பழக்கம்? எம்.ஆர்.பி. பார்ப்போம், தேதி பார்ப்போம், அதோடு சரி. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஒரு திட உணவை "குறைந்த கலோரி" என்று விற்க வேண்டுமானால் 100 கிராமுக்கு 40 கலோரியைத் தாண்டக்கூடாது. பானமாக இருந்தால் 100 மில்லிக்கு 20. நாற்பது எங்கே, நானூற்று ஐம்பது எங்கே! அதனால்தான் அந்தப் பாக்கெட்டுகளில் "குறைந்த கலோரி" என்று எழுதியிருக்காது. "ஹெல்த்தி", "நேச்சுரல்", "பாட்டி கைப்பக்குவம்" என்று எழுதியிருக்கும். பாட்டிக்கு எந்த விதியும் வரம்பு போடவில்லை. 2024 ஏப்ரலில் இணைய வணிகத் தளங்களிடம் பால், தானிய, மால்ட் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் போட்டு விற்காதீர்கள் என்று ஆணையம் சொன்னதும் இதனால்தான். உணவுச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வரையறையே கிடையாது.

இதில் பணம் மட்டும் போனால் பரவாயில்லை. பல வீடுகளில் நடப்பது இதுதான். அப்பாவுக்குச் சுகர். டீயோடு இரண்டு மேரி பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் அம்மா அதைப் பிடுங்கிவிட்டு ராகி குக்கீஸ் வாங்கி வைக்கிறார். "இது சுகர்காரங்களுக்கு நல்லதாம்ங்க, கடைல சொன்னாங்க." அப்பா இரண்டோடு நிறுத்துவாரா? "நல்லதுதானே" என்று நாலு எடுப்பார். மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டில் சர்க்கரை இன்னும் ஏறியிருக்கும். வீட்டில் ஒருவருக்கும் காரணம் புரியாது. மாத்திரையைச் சந்தேகப்படுவார்கள், டாக்டரைச் சந்தேகப்படுவார்கள், டப்பாவில் இருக்கும் குக்கீஸை மட்டும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அது ஆர்கானிக் ஆயிற்றே!

"சுகர் ஃப்ரீ" பாக்கெட்டும் இதே கதைதான். சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் போட்டிருப்பார்கள். அதிலும் ஒரு கிராமுக்கு இரண்டு கலோரிக்கு மேல் உண்டு. மைதாவும் கொழுப்பும் அப்படியே இருக்கும். அளவு மீறினால் வயிறு வேறு கலக்கிவிடும்.

அப்படியானால் இந்தக் கடைகளுக்கே போகக்கூடாதா? போகலாம், தாராளமாகப் போகலாம். முன்பக்க ரேக்கைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். உண்மையான சரக்கு பின்னால், தூசி படிந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் பொரி. இங்கே ஒரு சின்னக் குழப்பம் வரும். லேபிளில் பார்த்தால் பொரியும் 100 கிராமுக்கு அரிசி அளவு கலோரிதான் காட்டும். ஆனால் 100 கிராம் பொரி என்பது எவ்வளவு பெரிய பை என்று ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கிய எல்லோருக்கும் தெரியும். ஒரு கப் பொரி 14 கிராம் வந்தால் அதிகம். சுமார் 55 கலோரி. அதில் பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, மாங்காய், பச்சை மிளகாய், எலுமிச்சை, கொஞ்சம் மிளகுத்தூள். ஒரு பெரிய கிண்ணம் சாப்பிட்டாலும் 150 கலோரியைத் தாண்டுவது கஷ்டம். காரப்பொரி என்று எண்ணெயில் பிரட்டி பாக்கெட்டில் போட்டதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஆக, 100 கிராம் கணக்கை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாமரை விதை என்ற பெயரில் விற்கும் மக்கானாவும் இதே ரகம், விலைதான் கொஞ்சம் கடி.

அடுத்தது கடற்பாசி. சைனா கிராஸ் என்றும் சொல்வார்கள், வெள்ளை நார் மாதிரி பாக்கெட்டில் இருக்கும். ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் முங்கி எடுத்து வரும் மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்து எடுப்பது. அந்தப் பெண்கள் படும் பாட்டுக்கு இந்தச் சரக்கு பின் ரேக்கில் கிடப்பதே அநியாயம். ஐந்து கிராம் போட்டால் அரை லிட்டர் தண்ணீர் கட்டியாகிவிடும், கலோரி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் இதைப் பால், சர்க்கரை சேர்த்துச் செய்வார்கள். அற்புதமான ஐட்டம், ஆனால் அதில் கலோரி உண்டு. எடை பார்ப்பவர்கள் பாலைக் குறைத்து, இளநீரும் வழுக்கையில் கொஞ்சமும் சேர்த்துச் செய்து பார்க்கலாம். இளநீருக்கே ஒரு இனிப்பு இருக்கிறது, சர்க்கரையைத் தேடாது.

மூன்றாவது நன்னாரி. பாட்டிலில் இருக்கும் நன்னாரி சர்பத் முழுக்க முழுக்கச் சர்க்கரைப் பாகு. அதன் பக்கத்திலேயே காய்ந்த குச்சியாக நன்னாரி வேர் இருக்கும், யாரும் தொடமாட்டார்கள். அந்த வேரைத் தட்டி, கொதிக்க வைத்து, வடிகட்டி, பானையில் ஊற்றி வைத்தால் வாசனைக்கு வாசனை, கலோரி கிட்டத்தட்ட பூஜ்யம். எலுமிச்சை பிழிந்து ஒரு சிட்டிகை உப்பு போட்டால் சர்பத் ஞாபகமே வராது. (சரி, முதல் இரண்டு நாள் வரும்.)

அப்புறம் குடம்புளி, முருங்கை இலைப் பொடி, கட்டிப் பெருங்காயம், சுக்கு, திப்பிலி. இவற்றையெல்லாம் மருந்து என்று ஒதுக்கிவிட்டார்கள். உண்மையில் எடை குறைக்க நினைப்பவனுக்கு இவைதான் சமையலறை. எண்ணெயும் சர்க்கரையும் குறையும்போது நாக்குக்கு ஏதோ காணாமல் போன மாதிரி இருக்கும். அந்த இடத்தைப் புளிப்பும் காரமும் வாசனையும் வைத்துத்தான் நிரப்ப முடியும். வெண்பூசணி, சுரைக்காய் இரண்டும் 100 கிராமுக்கு 20 கலோரி கூட வராது. வெறுமனே வேகவைத்தால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு. குடம்புளி கரைத்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, ஒரு சொட்டு எண்ணெயில் பெருங்காயம் தாளித்தால் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். காய் தெருமுனை தள்ளுவண்டியில் கிடைக்கும். வாசனைக்குத்தான் இந்தக் கடை.

பெருநகரங்களில் இறக்குமதிச் சரக்கு விற்கும் கடைகளில் கொன்யாக் நூடுல்ஸ் என்று ஒன்று தண்ணீரில் மிதந்தபடி பாக்கெட்டில் இருக்கும். ஜப்பானில் ஷிராத்தகி என்பார்கள். ஒரு கிழங்கின் நாரும் தண்ணீரும்தான், 100 கிராமுக்கு பத்து கலோரி அளவு. பிரித்ததும் ஒரு மீன் வாடை அடிக்கும். நன்றாகக் கழுவி வெறும் வாணலியில் வறட்டினால் போய்விடும். சொந்தமாக ருசி கிடையாது, குழம்பின் ருசியை வாங்கிக்கொள்ளும். விலையைப் பார்த்தால் ஹாஸ்டல் மாணவர்களுக்கு ஒத்துவராது, மாதம் ஒரு முறை ஆசைக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

இந்தப் பொருள்கள் ஏன் பின்னால் கிடக்கின்றன? காஸ்டிங் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொரி இடத்தை அடைக்கும், பணம் தராது. நன்னாரி வேர் ஒரு பாக்கெட் வாங்கினால் ஒரு மாதம் வரும், வாடிக்கையாளர் அடுத்த வாரம் திரும்ப வரமாட்டார். குக்கீஸ் டப்பா நான்கு நாளில் காலியாகும், மறுபடி வருவார். ஒரு ரேக்குக்கு எவ்வளவு வாடகை, அதில் எவ்வளவு லாபம் என்று பார்க்கிற எந்தக் கடைக்காரரும் குக்கீஸைத்தான் முன்னால் வைப்பார். அதில் அவரைத் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் சுகர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பவரிடம் "இது உங்களுக்கு நல்லதுங்க" என்று குக்கீஸை நீட்டுவது வேறு விஷயம். அங்கே அவர் வியாபாரி வேஷத்தோடு வைத்தியர் வேஷமும் போடுகிறார். அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டு, பின்னால் கையைக் காட்டி "பொரி புதுசா வந்திருக்கு" என்று சொன்னால், அன்றைக்கு ஐம்பது ரூபாய் வியாபாரம் குறையும்.