தையல் மூலை: மலைநாட்டுக் குளிருக்கு ஜக்கட்



கல்முனைக் கரையில் வாழும் நமக்கு ஜக்கட் தேவைப்படுவதே அபூர்வம். மாரி காலத்திலும் ஒரு போர்வையோடு இரவைக் கழித்து விடுகிறோம். பிள்ளைகளுக்கு மலைநாட்டில் படிப்போ தொழிலோ கிடைத்துவிட்டால் கதை வேறு.

என் ராத்தாவின் மகளுக்கு நுவரெலியாப் பக்கத்தில் ஆசிரியை நியமனம் கிடைத்தது. வாப்பா இல்லாத பிள்ளை. வீடே அவளுடைய சம்பளத்தை நம்பியிருந்தது. தடித்த ஜக்கட்டொன்றை வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினோம். ஒரு வாரம் போகவில்லை, "சாச்சி, இதப் போட்டும் குளிருது. திரும்பி வந்திரட்டா?" என்று தொலைபேசியில் அழுதாள்.

விடுமுறையில் வந்தபோது ஜக்கட்டைப் புரட்டிப் பார்த்தேன். துணியில் குறையில்லை. கை முனை, கழுத்து, சிப், இடுப்பு எல்லா இடத்திலும் காற்றுக்கு வழி இருந்தது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயரத்தில் உள்ளது. 1,000 மீற்றர் உயரும்போது வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அங்கே புல்லில் உறைபனி படிவதுண்டு. ஜக்கட் தானாகச் சூடு தருவதில்லை. நம் உடம்பின் சூடேறிய காற்றை வெளியே போகாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. அந்தக் காற்று வெளியேறினால் எவ்வளவு தடித்த துணியும் பயன்படாது.

நான் செய்த திருத்தங்கள் இவை:

கை முனை: பழைய சுவெட்டரின் இழுபடும் கை முனைகளை 3 அங்குலம் வெட்டியெடுத்து, ஜக்கட் கையின் உட்துணியோடு சேர்த்துத் தையுங்கள். இழுத்துப் பிடித்துத் தைத்தால்தான் கை நுழையும்போது நூல் அறாது.

சிப்: அதன் பின்பக்கம், மேலிருந்து கீழ்வரை 3 அங்குல அகலத்தில் இரட்டைத் துணிப்பட்டி ஒன்றை ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தையுங்கள்.

இடுப்பு: உள்மடிப்புக்குள் இலாஸ்டிக் கோத்து விடுங்கள்.

கழுத்து: தலைத்துணியின் முனைகளை உள்ளே செருகினால் நமக்குப் பாதி வேலை முடிந்தது. சிறுவர் ஜக்கட்டின் கழுத்தில் கயிறு வைக்காதீர்கள். எங்காவது மாட்டி இழுபட்டால் ஆபத்து.

உள்ளுடை: மெல்லிய பொலியெஸ்டர் போர்வையில் கையில்லாத சட்டையொன்று வெட்டி, பொத்தான் வைத்து உள்ளே மாட்டுங்கள். கழற்றிக் கழுவலாம். மருதமுனைக் கைத்தறிப் பருத்தி நமது வெயிலுக்கு அருமையானது. இந்த வேலைக்கு வேண்டாம். பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்பின் சூட்டையும் இழுத்துவிடும்.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. மழை தாங்கும் வெளித்துணியில் ஊசி பாய்ச்ச வேண்டாம். அந்தத் துளைகளால் நீர் இறங்கும். உள்ளுடையை ஜக்கட்டுக்குள் இறுக்கித் திணிக்கவும் வேண்டாம்; நசுங்கிய துணியில் காற்று தங்காது. தைக்குமுன் ஊசிகுத்தி, போட்டுப் பார்த்து, இரு கைகளையும் முன்னால் நீட்டிப் பாருங்கள். முதுகு இழுபட்டால் தளர்த்துங்கள்.

செலவானது நூலும் இலாஸ்டிக்கும்தான். மருமகள் அதே ஜக்கட்டைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள். அதே பாடசாலையில் அவளுக்கு இது மூன்றாவது வருடம். இப்போது ராத்தாவுடன் பேசும்போது குளிரைப் பற்றியல்ல, பிள்ளைகளின் குறும்பைப் பற்றித்தான் சொல்கிறாளாம்.