அகலமான பாதம், குறுகலான ஷூ

தமிழ்நாடு வனத் துறை 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, 40 மலைப்பாதைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதுவரை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காரில் போய்த் திரும்பிய குடும்பங்கள், இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருக்கின்றன. நல்ல மாற்றம் இது. இவர்களில் பலர் மலையேறுவதற்கென்று ஷூ வாங்குவது இதுவே முதல் முறையாக இருக்கும். எந்த பிராண்டு, தண்ணீர் புகாதா, கணுக்காலை மூடுமா, எவ்வளவு தள்ளுபடி என்றெல்லாம் கடையில் கேட்கிறார்கள். இந்த ஷூவின் வடிவம் என் பாதத்தின் வடிவத்தோடு பொருந்துகிறதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மலைப்பாதையில் காலைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் பெரும்பாலும் இந்தப் பொருத்தம்தான். மற்ற நான்கு கேள்விகளும் அதற்குப் பிறகு வரவேண்டியவை.

இது தனிமனிதர்களின் கவனக்குறைவு மட்டுமல்ல. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர்களின் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. அதையொட்டி ‘பா’ என்ற பெயரில் இந்தியர்களுக்கென்று தனி அளவு முறையையும் அந்நிறுவனம் பரிந்துரைத்தது. நம் கடைகளிலோ வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வந்த பிரிட்டிஷ் எண்களும் ஐரோப்பிய, அமெரிக்க எண்களும்தான் புழங்குகின்றன. அந்த எண்கள் நீளத்தைச் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர்கள். அங்கே அந்நிய ஆர்டருக்குத் தைக்கப்படுவது அந்நியக் கால்களின் அச்சில்தான். ஷூ பக்கவாட்டில் இறுக்கினால் நம் ஆட்கள் செய்வது ஒன்றே ஒன்று: ஓர் எண் பெரிதாக வாங்கிவிடுவது. அகலம் கொஞ்சம் கிடைக்கும், கூடவே தேவையில்லாத நீளமும் வந்து சேரும். சமதரையில் இது தெரியாது. மலையில் ஏறும்போது குதிகால் ஒவ்வொரு அடியிலும் ஷூவுக்குள் தூக்கிக்கொண்டு உரசும். இறங்கும்போது முழுப் பாதமும் முன்னால் சறுக்கி, விரல் நுனி சுவரில் முட்டும். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம்தான் காலைக் கெடுக்கும். மலையிலிருந்து திரும்பிய மறுநாள் பெருவிரல் நகம் கறுத்துப்போவது இதனால்தான்.

ஆகவே கடையில் செலவிடும் அரை மணி நேரம், இணையத்தில் விமர்சனம் படிக்கும் மூன்று நாட்களைவிடப் பயனுள்ளது. பாதம் நாள் முழுக்க நடந்து, நின்று, வெப்பத்தில் கொஞ்சம் வீங்கும். மலையில் இன்னும் வீங்கும். அதனால் மாலையில் போய் வாங்க வேண்டும். மலையேறும்போது போடப்போகும் அதே சாக்ஸைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஷூவைப் போட்டுப் பார்ப்பதற்கு முன், உள்ளே கிடக்கும் இன்சோலை உருவி எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் எடை முழுவதும் இறங்கும்படி நிற்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலின் விளிம்பைத் தாண்டி வழிந்தால், அந்த ஷூ எந்த பிராண்டாக இருந்தாலும் அந்தக் காலுக்கானது அல்ல. விற்பனையாளர் “போடப் போட விரிஞ்சுடும்” என்பார். தோல் ஷூவில் அது ஓரளவு உண்மை. இன்றைய செயற்கைத் துணி ஷூக்கள் அப்படி விரிந்து கொடுப்பதில்லை. அகலம் சரியாக இருந்தால், நின்ற நிலையில் மிக நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம் என்பதையும் பெரும்பாலானோருக்கு இரண்டு கால்களும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது; பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். கடைசியாக, கடையின் மாடிப்படியில் நான்கைந்து முறை இறங்கிப் பார்ப்பது. விரல் முட்டினால் முதலில் லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கணுக்கால் வளைவில் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டு மறுபடி இறங்க வேண்டும். பாதத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது அந்த முடிச்சுதான். அப்போதும் முட்டினால் அந்த ஜோடியை வைத்துவிட வேண்டியதுதான்.

இதற்கு அடுத்து நான் பார்க்கச் சொல்வது எடை. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் சூல், கோல்ட்மேன் என்ற இருவர் செய்து 1969இல் வெளியான ஆய்வு, பாதத்தில் ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் உடம்பின் சொந்த எடையில் ஒரு கிலோவைச் சுமப்பதைவிட 4 முதல் 6 மடங்கு சக்தியைச் செலவழிக்க வைக்கிறது என்று காட்டியது. காரணம் எளிது. ஒவ்வொரு அடிக்கும் காலைத் தரையிலிருந்து தூக்கி, முன்னால் வீசி, மறுபடி நிறுத்த வேண்டும். கனமான தோல் பூட்ஸுக்கும் இலகுவான டிரெயில் ஷூவுக்கும் ஒரு ஜோடிக்கு முக்கால் கிலோ வரை வித்தியாசம் வரலாம். ஒருநாள் நடையில் ஆயிரக்கணக்கான முறை அந்த எடையைத் தூக்குகிறோம். களைத்த கால்தான் தடுக்கி விழும். உயரமான பூட்ஸ் இல்லாவிட்டால் கணுக்கால் பிசகாதா என்று கேட்கலாம். பல மலையேற்ற வழிகாட்டிகளே இதைச் சொல்வதால் இந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் 622 பேரை வைத்து 1993இல் வெளியான ஓர் ஆய்வில், கணுக்காலை மூடும் ஷூ போட்டவர்களுக்கும் தாழ்வான ஷூ போட்டவர்களுக்கும் சுளுக்கு விழுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கூடைப்பந்துத் தளம் மலை அல்ல என்பது சரிதான். உயரமான பூட்ஸ் முள்ளையும் உருளும் கல்லையும் தடுக்கும். பதினைந்து கிலோ மூட்டையோடு பல நாள் நடப்பவருக்கு அதன் விறைப்பு உதவும். பாம்பு பயத்துக்கும் அது ஆறுதல். ஆனால் சிறு பையோடு காலையில் ஏறி மாலைக்குள் இறங்குபவர் கணுக்காலுக்குக் கவசம் தேடுவதைவிட, இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் படி ஏறி இறங்கிக் கெண்டைக்காலை உறுதியாக்கிக்கொள்வது மேல்.

‘வாட்டர்புரூஃப்’ என்ற சொல்லுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது பற்றி எனக்கு இன்னும் அழுத்தமான கருத்து உண்டு. அந்த மென்படலம் வெளியிலிருந்து தண்ணீரைத் தடுத்து, உள்ளிருக்கும் வியர்வை ஆவியை வெளியே விடும். ஆவி வெளியே போக வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ச்சியாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். இமயமலைப் பனியில் அப்படி இருக்கிறது. அங்கே போகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துப் புழுக்கத்தில் வியர்வை உள்ளேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் முழங்கால் அளவு ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் ஷூவின் வாய்வழியே உள்ளே இறங்கும். உள்ளே வரவிடாமல் தடுக்கும் அதே படலம், வந்த தண்ணீரை வெளியேறவும் விடாது. ஊறிய தோல் எளிதில் உரிந்து கொப்புளமாகும். வலைத்துணி ஷூவில் ஏறும் தண்ணீர், கொஞ்ச தூரம் நடந்தாலே பெரும்பகுதி வெளியேறிவிடும். அட்டைக்கடிக்கும் இந்தப் படலம் மருந்தல்ல. சோலைக்காட்டில் அட்டை கீழிருந்து ஏறி, ஷூவின் கழுத்து வழியாகவும் சாதாரண சாக்ஸின் இழைகளுக்கு நடுவிலும் புகுந்துவிடும். அதைத் தடுப்பது, நெருக்கமாக நெய்த துணியில் தைத்து, முழங்காலுக்குக் கீழே நாடா கட்டும் அட்டை சாக்ஸ்தான். உள்ளூர் தையல்காரரிடம் கொடுத்தாலே தைத்துக் கொடுத்துவிடுவார்.

அடிப்பாகத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் புயலில் சிக்கி, விட்டாலே பிரமானி என்ற மலையேற்ற வீரரின் தோழர்கள் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களின் காலணி அந்தச் சூழலுக்கு ஏற்றதாக இல்லாததும் ஒரு காரணம் என்று கருதிய அவர், ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடிப்பாகத்தை 1937இல் உருவாக்கினார். இன்றைய மலையேறும் ஷூக்களின் பல் போன்ற அடி அங்கிருந்து வந்ததுதான். சேற்றில் பிடிப்பது அந்தப் பற்களின் ஆழம். ஈரப்பாறையில் பிடிப்பது ரப்பரின் மென்மை. மழுங்கிப்போன பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவில் இரண்டுமே இருக்காது. இன்னொன்று, கடற்கரை மாவட்டக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. பல ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன். காற்றின் ஈரம் பட்டுப் பட்டு, போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் அது உதிர ஆரம்பிக்கும். வெளியே புதுசு மாதிரி இருக்கும் ஷூவின் அடிப்பாகம் மலை நடுவே அப்படியே கழன்று வரும். பரணில் கிடந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் இரண்டு கையாலும் வளைத்து, நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். தள்ளுபடியில் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதம், ஆண்டைப் படிக்க வேண்டும்.

மலைவாழ் மக்கள் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் ஏறி இறங்கவில்லையா, இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்பது அடிக்கடி எழும் எதிர்க்கேள்வி. அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. 1992இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு 2,300 குழந்தைகளின் பாதங்களைப் பரிசோதித்தது. காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்கும் வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடம்தான் அது மிக அதிகம். வெறுங்காலில் வளர்ந்த பாதம் விரல்கள் விரிந்து, வளைவு வலுத்து, அடித்தோல் தடித்து வேறொரு பாதமாகவே ஆகியிருக்கிறது. ஐந்து வயதிலிருந்து பள்ளி ஷூவுக்குள் அடைபட்ட பாதம் அதை ஒரே நாளில் பார்த்துச் செய்ய முடியாது. பாதம் விரிய இடம் வேண்டும் என்ற என் வாதத்துக்கு அந்த மக்களின் கால்களே சாட்சி. வேண்டுதலுக்காக வெறுங்காலோடு மலையேறும் பக்தர்களின் வழி வேறு. அதில் யாரும் தலையிடத் தேவையில்லை. அவர்களிடம் நாம் கற்கவும் ஒன்று உண்டு. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காமல் ஏறுபவர்கள் குறைவு. ஊன்றுகோல் வைத்து இறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் சுமை 12 முதல் 25 சதவீதம் வரை குறைவதாக 1999இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. விலையுயர்ந்த மடக்குத் தடிக்கு வசதி இல்லாதவர் மூங்கிலை நம்பலாம்.

செலவு பற்றிய தயக்கம் நியாயமானது. நல்ல ஷூவுக்குச் சில ஆயிரங்கள் ஆகும்; மாதச் சம்பளக்காரருக்கு அது சிறிய தொகை அல்ல. ஆனால் பலர் முதலில் பெரிய பை, மடக்குத் தடி, பல பாக்கெட் வைத்த கால்சட்டை என்று வாங்கிவிட்டு, ஷூவுக்கு வரும்போது கையைச் சுருக்குகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே போதும். ஒருநாள் நடைக்குப் பள்ளிப் பையே போதும், அதை இரவலும் வாங்கலாம். ஷூவை அப்படி இரவல் வாங்க முடியாது, ஒருவர் காலுக்குப் பழகியது இன்னொருவர் காலுக்கு ஒத்துவராது. சில பொருட்களுக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 128 நெடுந்தூர ஓட்டக்காரர்களின் கால்களில், காயக்கட்டுக்குப் பயன்படும் மெல்லிய காகித டேப்பை ஒட்டிச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. எந்த மருந்துக் கடையிலும் அந்த டேப் கிடைக்கும். உரசும் இடம் தெரிந்தவர் கிளம்பும் முன்பே ஒட்டிக்கொள்ளலாம். ஜீன்ஸும் பருத்திச் சாக்ஸும் நனைந்தால் சீக்கிரம் உலராது என்பதால் அவற்றை வீட்டில் விட்டுவிடலாம்.

குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீ மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு அனுமதி, வழிகாட்டி, தீக்காலத் தடை என்று விதிகள் இறுகின. அவை தேவையானவை. யானை, தீ, திடீர் வெள்ளம் இருக்கும் காட்டில் ஷூவைப் பற்றிப் பேசுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருக்குக் குதிகால் உரிந்துவிட்டால் பத்துப் பேர் கொண்ட குழுவின் வேகம் அவருடைய வேகம்தான். நான்கு மணிக்கு இறங்க வேண்டியவர்கள் இருட்டும் நேரத்திலும் யானைத்தடத்தில் இருப்பார்கள். ஆகவே வனத் துறை ஒவ்வொரு பாதையின் முன்பதிவுப் பக்கத்திலும், தூரத்தோடும் நேரத்தோடும், தரை பாறையா, சேறா, ஓடை உண்டா, அட்டை உண்டா, எந்த மாதத்தில் எப்படி என்று நடப்பவருக்குப் புரியும்படி எழுத வேண்டும். அந்த மலையில் பிறந்து வளர்ந்த வழிகாட்டிகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. அவர்களிடம் கேட்டு எழுதினால் போதும். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு முறை பள்ளி ஷூவோடும் அலுவலக ஷூவோடும் நிற்காமல் மலையேறும் ஷூவுக்கும் வர வேண்டும். ஆம்பூரில் ஆர்டர் தைக்கும் கைகளுக்கு அகலமான அச்சில் தைப்பது கடினமான வேலையே அல்ல, வாங்குபவர் கேட்க வேண்டும். பாதை தொடங்கும் இடத்தில் பெயரைச் சரிபார்க்கும் வழிகாட்டி, காலையும் ஒருமுறை பார்த்து, லேஸைத் திருத்தி, டேப் வேண்டியவருக்கு டேப் கொடுத்து அனுப்பலாம். வழவழத்த அடியோடு வருபவரைத் திருப்பி அனுப்புவதைவிட, சுத்தம் செய்த ஷூக்களைப் பல அளவுகளில் வைத்து வாடகைக்குக் கொடுக்க அங்கேயே ஓர் அலமாரி வைக்கலாம். அந்த ஊர் இளைஞர்கள் இரண்டு பேருக்கு அதில் வேலையும் கிடைக்கும்.