துட்டி வீட்டில் சொல்லாத காரணம்



ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில், புற்றுநோய்க்கு வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த பதினோரு குடும்பத்தார் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களில் ஒருவர் காய்கறி கமிஷன் கடையில் கணக்கு எழுதுபவர், ஒருவர் ஓய்வுபெற்ற நர்ஸ். மற்றவர்கள் தோட்டம், தையல், பலசரக்குக் கடை என்று இருப்பவர்கள். டாக்டர் யாரும் இல்லை.

கணக்கு எழுதுபவரின் மனைவிக்கு வயது 36. மார்பில் கட்டி. மதுரைக்கும் ஊருக்குமாக இரண்டு வருடம் அலைந்து, கீமோ ஏற்றி, கரண்ட் வைத்து, கடைசியில் வீட்டில்தான் உயிர் போனது. துட்டி கேட்க வந்தவர்களிடம் திடீரென்று நெஞ்சுவலி என்றார்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் அதையே சொன்னார்கள். பதிவேட்டில் மாரடைப்பு என்று ஏறிவிட்டது. "ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன், ஆத்தாளுக்கு என்ன சீக்குன்னு கேப்பான்ல" என்கிறார் அவர். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. பதினோரு வீட்டில் ஏழு வீட்டுக் கதை இதுதான்.

சாவின் காரணத்தை இப்படி மறைத்துவிட்டு, "இப்பெல்லாம் சின்ன வயசுக்கே கேன்சர் வருது" என்று டீக்கடையில் நாமே பேசுகிறோம். ஒருவர் பூச்சிமருந்தைச் சொல்கிறார், ஒருவர் திண்டுக்கல் தோல் ஷாப்புத் தண்ணியைச் சொல்கிறார், இன்னொருவருக்குச் செல்போன் டவர். இவற்றில் விசாரிக்க வேண்டியவை இருக்கலாம். ஆனால் நம் வட்டாரத்தில் முப்பது, நாற்பது வயதில் புற்றுநோயால் போகிறவர்கள் கூடியிருக்கிறார்களா என்பதே தெரியாமல் எதன் மேல் பழி போடுவது?

எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்து அம்பிளிக்கையில் நடந்ததே போதும். 2000-ஆம் ஆண்டில், நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கியது. வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைப் பார்க்கும் எளிய முறை. செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். 49,311 பேரை அழைத்தார்கள், 31,343 பேர் வந்தார்கள். அழைக்கப்படாத ஊர்களின் கணக்கையும் அதே அக்கறையோடு எடுத்துவந்தார்கள். ஏழு வருடம் சாவுகளை எண்ணிப் பார்த்ததில், அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. அதிகப் பலன் யாருக்கு என்று பார்த்தால், 30-லிருந்து 39 வயதுக்காரிகளுக்கு. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இந்த முடிவை உலகமே படித்தது. நம் அத்தைகளும் சித்திகளும் கொடுத்த கணக்கு அது.

அம்பிளிக்கையில் 2003 முதல் புற்றுநோய்ப் பதிவேடும் இருக்கிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1982 முதல் பதிந்துவருகிறது. சென்னைக் கணக்கு சொல்வதைக் கேளுங்கள்: இத்தனை வருடத்தில் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்தது, மார்பகப் புற்றுநோய் ஏறியது. ஒரே ஊரில் ஒன்று இறங்க ஒன்று ஏறுகிறது. "கேன்சர் கூடுது" என்று மொத்தமாகச் சொன்னால் இரண்டுமே தெரியாமல் போகும்.

கணக்கைப் பார்க்கவும் கொஞ்சம் நிதானம் வேண்டும். மூவாயிரம் பேர் உள்ள ஊரில் போன வருடம் ஒரு சாவு, இந்த வருடம் இரண்டு என்றால் "இரட்டிப்பு" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம். அடுத்த வருடம் ஒன்றுமே இராது. சின்ன ஊருக்கு ஐந்து வருடத்தைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இளவயதுக் கணக்கு என்றால் அந்த வயதில் இறந்தவர்களை அந்த வயதுக்காரர்களின் எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும், ஊர் மொத்தத்தால் அல்ல. (அந்த எண்ணிக்கையே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எடுத்தது, 2021-இல் எடுத்திருக்க வேண்டியதை எடுக்கவில்லை.) நோய் கண்டுபிடிப்பது வேறு, சாவு வேறு. கழுத்தில் ஸ்கேன் வைப்பது கூடினால் தைராய்டு புற்றுநோய் நிறையத் தென்படும். அதனால் சாவும் கூடியது என்று ஆகாது. அதனால்தான் சாவுக் கணக்கை இத்தனை அழுத்திச் சொல்கிறோம்.

அந்தக் கணக்கு கெடுவது முதலில் நம் கையில். பிறகு ஆஸ்பத்திரியில். இறப்புக் காரணப் படிவத்தில் "இதயமும் மூச்சும் நின்றது" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். யாருக்குத்தான் நிற்காமல் சாவு வந்திருக்கிறது? அடிப்படைக் காரணம் என்று அதில் தனி வரி உண்டு. அதில் நோயின் பெயரும், எந்த உறுப்பில் தொடங்கியது என்பதும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் இறந்தால், கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர் 4ஏ படிவம் தர வேண்டும். அதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். வெளியூர் ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு அந்த ஊரில்தான் நடக்கும். அங்கே தங்கியிருந்த வாடகை ரூம் விலாசத்தைக் கொடுக்காதீர்கள், சொந்த ஊர் விலாசத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர்ச் சாவு மதுரைக் கணக்கில் போய்விடும். இறந்தவர் புகையிலை, பாக்கு போடுவாரா, எத்தனை வருடமாக என்றும் இறப்பைத் தெரிவிக்கும் படிவத்தில் கேட்பார்கள். வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை விளைகிற மாவட்டம் இது. கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இனி, கணக்கு எழுதும் எங்கள் நண்பர் பயந்த விஷயம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969, பிரிவு 17: பதிவேட்டில் எழுதியிருக்கும் இறப்புக் காரணத்தை, வெளியே கொடுக்கும் சான்றிதழில் காட்டக் கூடாது. உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் இறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், காரணம் இராது. பேங்கில் கொடுத்தாலும், வாரிசுச் சான்றிதழுக்குக் கொடுத்தாலும் எவர் கண்ணிலும் படாது. துட்டி கேட்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பது உங்கள் இஷ்டம். பதிவேட்டுக்கு மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். இது தெரிந்திருந்தால் நண்பர் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

பதிவு செய்ய 21 நாள் அவகாசம். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் ஐந்து நாள் இருக்கிறது. பயாப்ஸி ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் காகிதங்களையும் அதற்குள் எரித்துவிடாதீர்கள். புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து வீடு தேடி வருகிறவர்களைத் திண்ணையோடு அனுப்பிவிடாதீர்கள்.

தவறாகப் பதிந்ததைத் திருத்தவும் அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. எங்களில் அந்த ஏழு வீட்டாரும் வருகிற திங்கட்கிழமை காலை ஃபைலோடு பதிவாளரிடம் போய் மனு கொடுக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாரடைப்பு இருந்தால், எங்களோடு வாருங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோயால் உறவை இழந்த குடும்பத்தார்,
ஒட்டன்சத்திரம் வட்டாரம்