டயர் மேல் குற்றமில்லை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

முத்துக் குளித்துப் பெயர் பெற்ற ஊர் நம் தூத்துக்குடி. 1961-ஆம் ஆண்டோடு அந்த முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. 1974-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அன்று தொட்டு இவ்வூரின் பிழைப்பில் பாதி கடலில் என்றால், மீதி சக்கரத்தில். உப்பு லாரி, கரி லாரி, கப்பல் பெட்டி ஏற்றும் நீண்ட லாரி, திருச்செந்தூருக்கும் பனிமய மாதா கோயிலுக்கும் ஆள் ஏற்றிச் செல்லும் வாடகைக் கார் என்று எத்தனை சக்கரங்கள்!

அப்படி ஒரு வாடகைக் காரின் சக்கரம் சுழன்றதால்தான் நான் கல்லூரிக்கு வந்தேன். என் தந்தை ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே டயரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்றே எண்ணுகிறேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம் நம் மாவட்டத்துச் சாலைகளை என்ன பாடு படுத்தியது என்பதை யாவரும் அறிவர். அதற்கடுத்த மாதங்களில் அப்பாவின் கார் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. வெளிக்காயம் ஏதும் இல்லை. 'வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது' என்று மட்டும் அவர் இரண்டொரு முறை சொன்னார். பட்டறையில் விட்டால் ஒரு நாள் வாடகை போய்விடும் என்று தள்ளிப்போட்டார். ஒரு நாள் திருச்செந்தூர்ச் சாலையில், முக்காணிக்கு அருகே, முன் டயர் வெடித்தது. உள்ளே ஒரு குடும்பமே இருந்தது. வேகம் குறைவாக இருந்ததால் எல்லோரும் தப்பினர்.

டயர் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. 'கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று அப்பா புலம்பினார். டயர்க் கடைப் பெரியவர் இரண்டு முன் டயர்களையும் கழற்றித் தரையில் படுக்க வைத்தார். வெளி ஓரம் புதிதுபோல் இருந்தது. வண்டிக்கு அடியில், யார் கண்ணிலும் படாத உள் ஓரமோ, இரண்டிலும் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. பெரியவர் என் கையைப் பிடித்து, வெடிக்காத டயரின் பட்டன் மேல் வைத்தார்.

"கண்ணால பாக்காதல, கையால பாரு. அங்கிட்டுத் தடவுனா வழுவழுன்னு இருக்கும். இங்கிட்டுத் தடவுனா அரம் மாதிரி இருக்குல்லா? டயர் மேல குத்தமில்ல. ஓட்டம் கோணல்."

ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் முனை ஆடிப்போயிருந்தது. அதனால் முன் சக்கரங்களின் முகம் சற்றே வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. அந்த மாதம் என் தேர்வுக் கட்டணத்துக்கு அம்மா சேர்த்து வைத்திருந்த பணம் டயர்க் கடைக்குப் போயிற்று. கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினோம்.

அன்றிரவு என் நோட்டைப் புரட்டினேன். திசையன்களைக் கூறுகளாகப் பிரிக்கும் பாடம் அதில் இருந்தது. சக்கரம் ஓடும் திசையிலிருந்து 1 டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் அது உருளாமல் பக்கவாட்டில் இழுபட வேண்டும். திருச்செந்தூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஒருமுறை போய்ச் சேர்வதற்குள் டயர் 700 மீட்டர் தார்ச் சாலையில் தேய்க்கப்படுகிறது! இதே கணக்கைத் தேர்வில் பிழையின்றிப் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வீட்டு வாசலில் நின்ற காரில் அந்தக் கணக்கு மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டிருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறேன்.

நண்பர்களே! தேய்ந்த டயர் ஒரு மருத்துவ அறிக்கை. படிக்கத் தெரிந்தால் நோய் இன்னதென்று அது சொல்லும். இரு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் வழவழவென்று தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வு தவறு. அரம்போல் கையில் தட்டினால் முகம் கோணல். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சர்பர் தளர்ந்திருக்கும், அல்லது சக்கரத்தின் எடை சமனாக இராது.

நம் ஊருக்கென்று ஒரு தனி நோயும் உண்டு. உப்புக் காற்றில் இரும்பு ரிம்மின் விளிம்பு துருப்பிடிக்கிறது. டயர் அங்கே இறுகப் பொருந்தாமல் காற்று மெல்லக் கசிகிறது. பஞ்சர் இல்லை, ஆனால் காற்று இல்லை! அடிக்கடி அளந்து பார்ப்பவருக்குத்தான் இது தெரியவரும்.

அளப்பதிலும் ஒரு பிழை செய்கிறோம். வெயிலில் நெடுந்தூரம் ஓடி வந்து, சூட்டோடு காற்றை அளந்து, 'கூடிவிட்டது' என்று திறந்துவிடுகிறோம். 27 டிகிரியில் 32 பவுண்டு இருந்த காற்று, 57 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 37 பவுண்டு காட்டும். இது இயற்கை. அந்த 5 பவுண்டைத் திறந்துவிட்டால், ஆறிய பின் 28 பவுண்டுதான் மிஞ்சும். அப்புறம் இரு ஓரமும் தேயும். டயரும் மேலும் சூடேறும். ஆகவே காலையில் வண்டி எடுக்குமுன் அளக்க வேண்டும். எத்தனை பவுண்டு என்பதை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள தாளில் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அதன் உச்ச அளவு.

8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் டயர்களை மாற்றிப் போடுவது நல்லது. ஆனால் கோணலைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் பின்னால் தள்ளுவது நோயை ஒளித்து வைப்பதாகும். ஆடிப்போன முனையை மாற்றாமல் வீல் அலைன்மென்ட் செய்தாலும் பயனில்லை. அடுத்த பள்ளத்தில் பழைய கோணல் திரும்பிவிடும். பட்டன்களின் இடையே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அவற்றைத் தொட்டுவிட்டால், உள் ஓரமாயினும் வெளி ஓரமாயினும், டயருக்கு விடை கொடுத்துவிட வேண்டும்.

இவற்றில் எது கடினம்? காற்றளக்கும் கருவியின் விலை ஒரு டயரின் விலையில் மிகச் சிறு பங்கு. கை வைத்துத் தடவக் காசே வேண்டாம். குறை எங்கே இருக்கிறது? பட்டறைக்காரரின் விரலுக்குத் தெரிந்தது நம் பாடநூலுக்குத் தெரியாது. பாடநூலுக்குத் தெரிந்தது என் அப்பாவுக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மாணவனாகிய நானோ, இரு பக்கமும் பார்க்காமல் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள். பருவத்துக்கு ஒரு நாள், காலை வேளையில், நம் இயற்பியல் துறை கல்லூரி வாயிலில் ஒரு மேசை போடட்டும். ஆசிரியர்களின் கார்களுக்கும், அருகில் உள்ள வாடகைக் கார், ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் மாணவர்களாகிய நாங்கள் காற்றளந்து, டயரைத் தடவிப் பார்த்து, இன்ன குறை என்று ஒரு சீட்டில் எழுதித் தருகிறோம். டயர்க் கடைப் பெரியவர் ஒருவரையும் அழைத்துப் பக்கத்து நாற்காலியில் அமரச் செய்வோம். அவரிடம் நாங்கள் கற்க வேண்டியது நிறைய உண்டு.

இப்போது அப்பா ஞாயிறுதோறும் காலையில் காற்றளக்கிறார். நான் வண்டிக்கு அடியில் கைவிட்டு உள் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன். கை கறுத்துவிடுகிறது. அந்தக் கறுப்பைக் கண்டு நான் இப்போது வெட்கப்படுவதில்லை.