வாசலில் காத்திருக்கும் துணை

பாம்பூஃப்ளாட்டிலிருந்து காலையில் படகேறி சாத்தம் துறைக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலர் இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். தாத்தாவும் பாட்டியும் கடலுக்கு அப்பால் இருக்கின்றனர். பள்ளி விட்டு வரும் பிள்ளையைச் சில வீடுகளில் எதிர்கொள்வது நாய் மாத்திரமே. (அந்தமானுக்கு நாயும் நம்மைப்போல் கப்பலில் வந்ததுதான், 1858-இல் கைதிகள் குடியேற்றம் தொடங்கிய பின்னரே அது இங்கே பரவியது.)

இத்துணையை அற்பமாக எண்ண வேண்டாம். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கும்போது இருவரிடத்திலும் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் பெருகுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டனர். தாயையும் பச்சிளங்குழந்தையையும் பிணைப்பதில் பங்குள்ள அதே ஹார்மோன் இது.

ஆனால் இரவும் பகலும் சங்கிலியில் கட்டி, காவலுக்கென்றே வைத்து, எஞ்சிய சோற்றை எட்ட நின்று எறிகிற வீட்டில் இந்த நன்மை எப்படி விளையும்? பார்வையும் தொடுகையும் வேண்டுமல்லவா? தடுப்பூசி போட்டு, மாலையில் அரைமணி நேரமாவது பிள்ளையோடும் உங்களோடும் அதை நடக்கவிடுங்கள். நம்மிடம் வாய் திறவாத பிள்ளையும் அதனிடம் பேசக் கேட்பீர்கள்.

இன்னொன்று. மாற்றலாகி மெயின்லேண்டுக்குத் திரும்பும் நாளில் அதைத் தெருவில் விட்டுச் செல்ல நேருமாயின், பிள்ளைக்கு அது இரண்டாம் பிரிவாகும். குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருமுன் இதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.